உயிர்ச்சுருளைக் கண்டவர்

நுழையும்முன்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நிறமும் உயரமும் முகச்சாயலும் வருகின்றன. சில நோய்களுக்கு ஆட்படும் இயல்பும் அவ்வாறே வருகிறது. இவற்றையெல்லாம் தாங்கி வரும் மூலக்கூறு டி.என்.ஏ. அதன் வடிவத்தை உலகம் அறியக் காரணமாக இருந்தவர்களுள் ஒருவர் ரோசலிண்ட் பிராங்கிளின். அவர் தம் முப்பத்தேழாம் வயதில் சினைப்பைப் புற்றுநோயால் மறைந்தார். டி.என்.ஏவில் நேரும் திடீர்மாற்றங்களே அந்நோய்க்கு வித்திடுகின்றன என்பதைப் பின்வந்த அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். தம்மைக் கொன்ற நோயைப் பிறர் புரிந்துகொள்ள வழியமைத்துச் சென்ற அறிவியலாளரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

ரோசலிண்ட் எல்சி பிராங்கிளின் 1920ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் மாநகரின் நாட்டிங் ஹில் பகுதியில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்கிளின் வங்கித் தொழிலில் ஈடுபட்டவர். உழைக்கும் மக்கள் பயிலும் கல்லூரி ஒன்றில் பாடமும் கற்பித்து வந்தவர். தாயார் பெயர் மியூரியல். ஐந்து மக்களுள் ரோசலிண்ட் இரண்டாமவர். யூத மரபைச் சேர்ந்த அக்குடும்பம் செல்வமும் கல்வியும் ஈகையும் ஒருங்கே உடையது. ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி வந்த யூத ஏதிலியர்க்கு அக்குடும்பத்தினர் உதவினர்.

பெண்களுக்கு இயற்பியலும் வேதியியலும் கற்பித்த பள்ளிகள் அந்நாளில் அரியன. அவற்றுள் ஒன்றாகிய புனித பவுல் பெண்கள் பள்ளியில் ரோசலிண்ட் பயின்றார். அறிவியலே தம் வழி என்பதை இளமையிலேயே துணிந்தார். 1938ஆம் ஆண்டு கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் கற்றார். பெண்களைத் தேர்வெழுத விட்ட அப்பல்கலைக்கழகம், ஆண்களுக்கு வழங்கிய முழு உரிமையுடைய பட்டத்தை அவர்களுக்கு வழங்கவில்லை. அவ்வுரிமை 1948ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குக் கிட்டியது. பிராங்கிளின் தம் இளநிலைப் படிப்பை முடித்ததோ 1941ஆம் ஆண்டில்.

நிலக்கரி காட்டிய வழி

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்குப் பயன்படும் ஆய்வில் ஈடுபட விரும்பிய பிராங்கிளின், 1942ஆம் ஆண்டு பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். வான்தாக்குதல் நடைபெற்ற நாள்களில் தன்னார்வக் காவலராகவும் பணியாற்றினார்.

கைக்குக் கட்டியாகத் தோன்றும் நிலக்கரியின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அத்துளைகள் எத்தனை நுண்ணியவை, எவ்வகை மூலக்கூறு அவற்றினுள் நுழையும், எது நுழையாது என்பவற்றை அவர் அளந்து கண்டார். இவ்வாய்வே அவருக்கு 1945ஆம் ஆண்டு முனைவர் பட்டத்தை ஈட்டித் தந்தது. கண்ணுக்குத் தெரியாத அமைப்பைப் பொறுமையான அளவீட்டால் அறிவது அவர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட நெறி. அந்நெறி நிலக்கரியில் தொடங்கியது.

1947ஆம் ஆண்டு அவர் பாரிசு நகரின் அரசு வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பணியேற்றார். அங்கு ஜாக் மெரிங் என்னும் அறிஞரிடம் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையைக் கற்றார். மெல்லிய துணியின் ஊடாகத் தொலைவிலுள்ள விளக்கை நோக்கினால், ஒளி குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிகளாய்ப் பிரிந்து தோன்றும். அப்புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு துணியின் இழைகள் எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிடலாம். அவ்வாறே எக்ஸ் கதிரை ஒரு பொருளினூடே செலுத்தி, படத்தகட்டில் விழும் புள்ளிகளை அளந்து, அப்பொருளின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிட முடியும். பெரும் வெப்பத்தில் கிராஃபைட்டாக மாறும் கரி, மாறாத கரி என இருவகை உண்டு என்பதை இம்முறையால் பிராங்கிளின் நிறுவினார். பாரிசில் கழித்த நான்கு ஆண்டுகள் அவர் வாழ்வின் மகிழ்வான காலம்.

கிங்ஸ் கல்லூரியில்

1951ஆம் ஆண்டு சனவரியில் பிராங்கிளின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு உயிர் இயற்பியல் பிரிவின் தலைவராக இருந்தவர் ஜான் ராண்டல். டி.என்.ஏ இழைகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராயும் பணி பிராங்கிளினுக்கும் ரேமண்ட் காஸ்லிங் என்னும் ஆய்வு மாணவர்க்கும் உரியது என ராண்டல் முன்னரே மடல்வழி அவருக்குத் தெரிவித்திருந்தார். டி.என்.ஏ ஆய்வில் அதற்கு முன்பே ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்சுக்கு அம்மடலின் செய்தி தெரியவில்லை. பிராங்கிளின் தமக்குத் துணைபுரிய வந்தவர் என வில்கின்ஸ் கருதினார். தாம் தனித்துப் பொறுப்பேற்றவர் எனப் பிராங்கிளின் கருதினார். தெளிவுபடுத்த வேண்டியவர் தெளிவுபடுத்தாமையால் இருவரிடையே பிணக்கு வளர்ந்தது. வில்கின்ஸ் அமைதியாகப் பேசும் இயல்பினர். பிராங்கிளினோ கருத்தை நேருக்குநேர் வாதிட்டு ஆராயும் இயல்பினர். இவ்வேறுபாடு பிளவை மேலும் பெரிதாக்கியது.

ஆயினும் ஆய்வு தடைபடவில்லை. டி.என்.ஏ இழையைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் கருவியமைப்பைப் பிராங்கிளின் உருவாக்கினார். ஈரம் குறைந்த நிலையில் டி.என்.ஏ ஒரு வடிவும், ஈரம் மிகுந்த நிலையில் நீண்டு மெலிந்த மற்றொரு வடிவும் கொள்கிறது என்பதைக் கண்டார். முன்னதை ஏ வடிவம் எனவும் பின்னதை பி வடிவம் எனவும் குறித்தார். அதுவரை பிறர் எடுத்த படங்களில் இவ்விரு வடிவங்களும் கலந்திருந்தமையால் தெளிவான முடிவு கிட்டவில்லை. கலங்கிய நீரைத் தெளிய வைத்தது போன்றது இந்தப் பிரிப்பு.

ஒளிப்படம் 51

1952ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பிராங்கிளினும் காஸ்லிங்கும் பி வடிவ டி.என்.ஏவைப் படமெடுத்தனர். ஒற்றை இழையின்மீது 62 மணி நேரம் எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்டது. வரிசையில் ஐம்பத்தொன்றாவதாக அமைந்த அப்படத்தின் நடுவில், கரும்புள்ளிகள் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டுத் தோன்றின. சுருள் வடிவம் கொண்ட மூலக்கூறு மட்டுமே இத்தகைய தடத்தைப் பதிக்கும்.

படத்தின் அழகைவிட அதிலிருந்து அவர் பெற்ற அளவுகள் பெருமதிப்புடையன. சுருளின் விட்டம் 20 ஆங்ஸ்ட்ரம். ஒரு முழுச் சுற்றின் நீளம் 34 ஆங்ஸ்ட்ரம். ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மூலக்கூறின் முதுகெலும்பாகிய பாஸ்பேட் தொகுதிகள் சுருளின் வெளிப்புறத்தில் அமைகின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1951ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்சின் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் பாஸ்பேட்டை நடுவில் வைத்து மூன்றிழை மாதிரி ஒன்றைச் செய்திருந்தனர். அதனை நேரில் கண்டவுடன் அது பிழை என்பதைக் காரணங்களோடு விளக்கியவரும் பிராங்கிளினே.

1953ஆம் ஆண்டு சனவரி இறுதியில், ஒளிப்படம் 51ஐ வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். அடுத்த மாதம், பிராங்கிளினின் அளவீடுகள் அடங்கிய ஆய்வறிக்கை ஒன்று கேம்பிரிட்சின் மேக்ஸ் பெருட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்குச் சென்றது. தம் படமும் அளவீடுகளும் அங்குப் பயன்படுகின்றன என்பதைப் பிராங்கிளின் அறியார். அதே பிப்ரவரியில் அவர்தம் ஆய்வுக் குறிப்பேட்டில், டி.என்.ஏ இரண்டு இழைகளால் ஆன சுருள் என்னும் முடிவை நெருங்கியிருந்தார். எதிரெதிர்த் திசையில் ஓடும் இழைகளையும் அவற்றை இணைக்கும் காரங்களின் இணைகளையும் பொருத்தி முழு மாதிரியைக் கட்டியவர்கள் வாட்சனும் கிரிக்குமே. அது அவர்களுடைய பெரும் அறிவுச் செயல். அம்மாதிரியை அளந்து சரிபார்க்க உதவிய அளவுகோல் பிராங்கிளினுடையது.

1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேச்சர் இதழில் டி.என்.ஏ பற்றிய மூன்று கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. வாட்சன், கிரிக் எழுதிய கட்டுரை முதலிலும், வில்கின்ஸ் குழுவினரின் கட்டுரை அடுத்தும், பிராங்கிளினும் காஸ்லிங்கும் எழுதியது மூன்றாவதாகவும் அமைந்தன. சான்றாக விளங்கிய ஆய்வு, பிறர் கண்டுபிடிப்பை உறுதிசெய்த துணைக்கட்டுரை போல வாசிக்கப்படலாயிற்று.

வைரசின் உள்ளமைப்பு

அதற்கு முந்தைய மாதமே பிராங்கிளின் கிங்ஸ் கல்லூரியை விட்டு நீங்கி, இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஜே. டி. பெர்னால் தலைமையிலான ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். பழைய கட்டடம், குறைந்த வசதி. ஆயினும் அங்கு அவர் தம் குழுவுக்குத் தாமே தலைமை ஏற்றார். ஆரன் குளூக் போன்ற இளம் அறிஞர்கள் அவருடன் இணைந்தனர். புகையிலைச் செடியின் இலையில் தேமலை உண்டாக்கும் வைரசை அவர்கள் ஆராய்ந்தனர். அந்த வைரஸ் நடுவே புழையுடைய கோல் போன்றது. புரத உறைக்குள் ஆர்.என்.ஏ இழை சுருளாகப் பதிந்துள்ளது என்பதை நிறுவினர். 1956ஆம் ஆண்டில் ஏழு கட்டுரைகளும், அடுத்த ஆண்டில் ஆறு கட்டுரைகளும் அக்குழுவினரிடமிருந்து வெளிவந்தன.

கேம்பிரிட்ச் அறிஞர்களிடம் அவர் பகைமை பாராட்டவில்லை. கிரிக்கும் அவர் துணைவியாரும் பிராங்கிளினுக்கு நல்ல நண்பர்களாயினர். அறுவை மருத்துவத்துக்குப் பின் அவர் உடல் தேறத் தங்கிய இல்லங்களுள் கிரிக்கின் இல்லமும் ஒன்று.

நோயும் மறைவும்

1956ஆம் ஆண்டு கோடையில், பிராங்கிளின் ஆய்வு தொடர்பாக அமெரிக்கா சென்றிருந்தார். அங்கு அவர் அடிவயிறு வீங்கத் தொடங்கியது. உடை இடுப்பில் பொருந்தாமற்போனது. இலண்டன் திரும்பியபின் செப்டம்பரில் அறுவை செய்த மருத்துவர்கள் வயிற்றினுள் இரண்டு கட்டிகளைக் கண்டனர். அது சினைப்பைப் புற்றுநோய். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அதன்பின் ஒன்றரை ஆண்டு அவர் வாழ்ந்தார். அறுவை, கதிர்வீச்சு, மருந்து எனச் சிகிச்சைகள் தொடர்ந்தன. உடல் இடங்கொடுத்த நாள்களிலெல்லாம் ஆய்வகத்துக்கு வந்தார். இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் போலியோ வைரசின் அமைப்பை ஆராயும் புதிய பணியையும் தொடங்கினார். குழுவினரின் ஆய்வு இடையில் நின்றுவிடாதிருக்க அமெரிக்கப் பொதுநலத் துறையிடமிருந்து நிதியுதவியும் பெற்றார். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் பிரசெல்சு நகரில் உலகக் கண்காட்சி தொடங்கியது. அவர் குழு உருவாக்கிய, ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள வைரஸ் மாதிரி அங்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

படியெடுக்கையில் நேரும் பிழை

பிராங்கிளின் காலத்து மருத்துவர்கள் புற்றுக்கட்டியைக் கண்டனர். அதன் காரணத்தைக் காண இயலவில்லை. டி.என்.ஏவின் அமைப்பு வெளிப்பட்டபின், அக்காரணத்தைத் தேடும் வழி படிப்படியாகத் திறந்தது.

நம் பழைய நூல்கள் ஓலைச்சுவடிகளில் வாழ்ந்தன. சுவடி பழுதாகுமுன் மற்றோர் ஏட்டில் படியெடுப்பர். படியெடுப்பவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலோ, ஒரு சொல்லை விட்டுவிட்டாலோ, அப்பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடரும். அதனால் பாடவேறுபாடுகள் தோன்றின. செல்களிலும் இது நிகழ்கிறது. மனித டி.என்.ஏவின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அவை முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. அப்போது நேரும் நிலையான பிழையே திடீர்மாற்றம். சடுதிமாற்றம் எனவும் இதனைக் கூறுவர். கதிர்வீச்சு, சில வேதிப்பொருள்கள் ஆகியவற்றாலும் திடீர்மாற்றம் உண்டாகும்.

பெரும்பாலான பிழைகள் தீங்கற்றவை. ஒப்புநோக்கித் திருத்தும் புலவரைப் போல, டி.என்.ஏவைச் சரிபார்த்துத் திருத்தும் புரதங்களும் செல்லினுள் உள்ளன. அப்புரதங்களை உருவாக்கும் மரபணுவிலேயே பிழை நேர்ந்தால் திருத்துபவர் இல்லாத ஏடாகிறது செல். பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. செல் பிரிதலைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் பழுதடையும்போது அச்செல் கட்டின்றிப் பெருகுகிறது. அதுவே புற்றுநோய்.

பாடநூல்களில் அண்டகம் எனக் குறிக்கப்படும் சினைப்பையில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் கடுமையான வகையில், ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் டி.பி. 53 என்னும் மரபணு பழுதடைந்துள்ளது. சேதமுற்ற செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவதும், திருத்தமுடியாத செல்லை அழிப்பதும் அம்மரபணுவின் பணி. காவல் தவறிய ஊரில் கள்வர் புகுவது போல, அது பழுதானபின் பிற பிழைகள் தடையின்றிப் பெருகுகின்றன. இவ்வகைப் புற்றின் முதற்செல்கள் பெரும்பாலும் சினைப்பையை அடுத்துள்ள கருக்குழாயின் முனையில் தோன்றிப் பின்னரே சினைப்பையில் பரவுகின்றன என்பதும் அண்மைக்கால ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

குடிவழி வரும் திடீர்மாற்றம்

பெரும்பாலான திடீர்மாற்றங்கள் ஒருவர் வாழ்நாளில் தோன்றி அவருடனே முடிபவை. சில திடீர்மாற்றங்கள் கருமுட்டையின் வழியாகவோ விந்தணுவின் வழியாகவோ பிள்ளைகளுக்கு வருகின்றன. சினைப்பைப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய மரபுவழிப் பிழையோடு தொடர்புடையது.

சில குடும்பங்களில் தாய், மகள், உடன்பிறந்தாள் என அடுத்தடுத்து மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். 1990ஆம் ஆண்டு மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க மரபியலார், அதற்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் உள்ளது என நிறுவினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப் பெயர்பெற்ற அம்மரபணு 1994ஆம் ஆண்டு பிரித்தறியப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ. 2 அடுத்த ஆண்டு அறியப்பட்டது. டி.என்.ஏவின் இரண்டு இழைகளும் ஒருங்கே அறுந்துபோகும்போது, அவற்றைப் பிழையின்றி இணைக்கும் பணியில் இவ்விரு மரபணுக்களும் உதவுகின்றன. இரண்டு இழைகளால் ஆன சுருள் என்பது தெரிந்திராவிடில், இரட்டை அறுப்பு, இணைப்பு என்னும் சிந்தனைக்கே இடமில்லை.

ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று தந்தை தருவது, மற்றொன்று தாய் தருவது. பழுதான ஒரு படியைப் பெற்றுப் பிறந்தவரையும் நல்ல மறுபடி காக்கிறது. ஏதேனும் ஒரு செல்லில் அந்த நல்ல படியும் கெடுமாயின் அங்கு நோய் வேர்விடுகிறது. ஆகவே இவர்கள் நோயைப் பெற்றுப் பிறப்பதில்லை; நோய்க்கு ஆட்படும் வாய்ப்பைக் கூடுதலாகப் பெற்றுப் பிறக்கின்றனர். பொதுவாக நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவர்க்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்று வரலாம். பி.ஆர்.சி.ஏ. 1இல் பழுதுடையவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர்க்கு வரக்கூடும். பி.ஆர்.சி.ஏ. 2இல் பழுதுடையவர்க்கு இவ்வாய்ப்பு அதனினும் குறைவு.

கிழக்கு ஐரோப்பிய மரபினரான யூத மக்களில் நாற்பது பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இம்மரபணுக்களின் குறிப்பிட்ட சில திடீர்மாற்றங்கள் காணப்படுகின்றன. பிராங்கிளின் யூத மரபில் தோன்றியவர். இளம் வயதிலேயே நோயுற்றவர். இதனைக் கொண்டு அவரிடமும் அம்மாற்றம் இருந்தது எனச் சிலர் கருதுவர். அத்தகைய சோதனை எதுவும் அவர் காலத்தில் இல்லை. அளந்து காணாத ஒன்றை முடிவாகக் கூறாதிருப்பதே அவர் போற்றிய நெறி. அவரைப் பற்றிப் பேசுகையிலும் அந்நெறியைக் கைக்கொள்வது பொருத்தமாகும்.

அறிந்தால் காக்கலாம்

சினைப்பை வயிற்றின் உட்புறத்தில் மறைந்துள்ளமையால், அங்குத் தோன்றும் கட்டி பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. ஆகவே யாருக்கு வாய்ப்பு மிகுதி என்பதை முன்கூட்டியே அறிவது உயிர் காப்பதாகும். இன்று குருதி அல்லது உமிழ்நீரைக் கொண்டு மரபணுவின் எழுத்துகளைப் படித்துப் பார்க்க முடிகிறது. பழுது உள்ளதெனத் தெரிந்தவர், மகப்பேறு முடிந்தபின் மருத்துவர் அறிவுரைப்படி சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டு நோய் வரும் வாய்ப்பைப் பெரிதும் குறைத்துக்கொள்ள இயலும்.

நோயுற்றவர்க்கும் இவ்வறிவு பயன்படுகிறது. பி.ஆர்.சி.ஏ. பழுதுடைய புற்றுச்செல் டி.என்.ஏவைத் திருத்தும் முதன்மை வழியை இழந்து, பிற வழிகளைச் சார்ந்து வாழ்கிறது. அத்தகைய வழியொன்றை மருந்தால் அடைத்தால் புற்றுச்செல் மடிகிறது. நல்ல படியைக் கொண்ட இயல்பான செல் பிழைக்கிறது. இம்முறையில் செயற்படும் ஓலாபரிப் என்னும் மருந்து, சினைப்பைப் புற்றுநோய்க்கு 2014ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

• வயிறு உப்பியே இருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். இவை பெரும்பாலும் வேறு எளிய காரணங்களால் வருபவை. எனினும் புறக்கணித்தல் கூடாது.
• பி.ஆர்.சி.ஏ. பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரும். பழுதுடைய ஒருவரின் பிள்ளைகளுள் ஆண், பெண் இருபாலர்க்கும் அதனைப் பெறும் வாய்ப்பு சரிபாதி.
• மரபுவழி நோய் எவருடைய குற்றமும் அன்று. குடும்பத்தில் நோய் வந்ததை மறைப்பது அடுத்த தலைமுறையின் காப்பைத் தடுக்கும்.

காலம் தந்த மதிப்பு

டி.என்.ஏ அமைப்பைக் கண்டதற்காக 1962ஆம் ஆண்டு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மறைந்தவர்க்குப் பரிசு வழங்கும் வழக்கம் இல்லாமையால் பிராங்கிளின் பெயர் அதில் இடம்பெறவில்லை. போலியோ வைரசின் அமைப்பை ஆராய்ந்து முடித்த அவர் குழுவினர், 1959ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையை அவர் நினைவுக்கு உரிமையாக்கினர். குளூக் 1982ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1968ஆம் ஆண்டு வாட்சன் எழுதிய நூலில் பிராங்கிளினைப் பற்றிய சித்திரம் நேர்மையாக அமையவில்லை எனக் கருதிய அவருடைய தோழி ஆன் சேயர், 1975ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதன்பின் உலகம் பிராங்கிளினின் பங்கை அறியத் தொடங்கியது. செவ்வாய்க் கோளில் ஆய்வு செய்ய ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கிய ஊர்திக்கு 2019ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இலண்டனில் உள்ள அவர் கல்லறையில் வைரஸ் ஆய்வால் அவர் மனித குலத்துக்கு ஆற்றிய நன்மை பொறிக்கப்பட்டுள்ளது; டி.என்.ஏ பற்றிய குறிப்பு ஒன்றும் இல்லை. அதனை எழுதியவர்கள் அவரைக் குறைத்து எண்ணவில்லை. அந்தச் சுருள் வடிவத்தின் முழுப்பொருளும் அன்று எவருக்கும் விளங்கியிருக்கவில்லை. இன்று, தம் குடும்பத்தில் தொடரும் நோயை அஞ்சி மருத்துவரை நாடும் ஒரு பெண், தம் மரபணுவில் பிழை உண்டா இல்லையா என்பதை அறிந்து, உரிய காலத்தில் தம்மைக் காத்துக்கொள்கிறார். பிராங்கிளினுக்குக் கிட்டாத காலமும் வாய்ப்பும் அப்பெண்ணுக்குக் கிட்டுகின்றன. அவ்வாய்ப்பில் 62 மணி நேரம் பொறுமையோடு காத்திருந்து பெற்ற ஒரு படத்தின் பங்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. ஓலைச்சுவடி படியெடுத்தலையும் டி.என்.ஏ படியெடுத்தலையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
2. ஒருவரின் ஆய்வுத் தரவுகளைப் பிறர் பயன்படுத்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய அறங்கள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
3. திடீர்மாற்றம், மரபணு, விளிம்பு விளைவு போன்ற அறிவியல் கலைச்சொற்களை உங்கள் பாடநூல்களிலிருந்து தொகுத்து அகரவரிசைப்படுத்துக.